அறுக்காமல் விட்ட பிசிறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றால் யார் தலை என்பதில் தகராறு வரும். ஆகவே சென்னிமலை ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்லப்படுகிறது. எந்த வருஷம் நடந்தது என்று கேட்பவர்களுக்கு: இன்னும் வராத ஒரு வருஷம். நடந்து முடிந்ததைப் பற்றித்தான் பொய் சொல்ல முடியும். வராத வருஷத்தைப் பற்றி எவனாலும் பொய் சொல்ல முடியாது. சாட்சிக்கு இது போதும்.

அந்தக் காலத்தில் திருப்பூரில் எல்லாம் கிடைத்தது, தூக்கத்தைத் தவிர. கப்பல் போய்விடுமோ, சாயம் போய்விடுமோ, வேலைக்காரன் போய்விடுவானோ என்று ஊரே கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது. இந்த நிலைமையில்தான் மணிபாரதி என்கிற இளைஞன் அவிநாசி ரோட்டில் 'நித்திரை நிலையம்' திறந்தான். ஊர் அதைத் தூக்கக் கடை என்றது. பியூட்டி பார்லரில் முடி காயவைக்கிற குண்டான் மாதிரி ஒரு கவசம். அதற்கடியில் உட்கார்ந்தால், அன்றைக்கு மண்டைக்குள் ஓடுகிற நினைப்பையெல்லாம் மிஷின் உறிஞ்சி வெளியே வைத்துக்கொள்ளும். மண்டை காலி. காலி மண்டையோடு அரை மணி தூங்கினால் ஒரு ராத்திரி தூங்கிய கணக்கு. பிறகு நினைப்பைத் திரும்ப ஊற்றி, எழுப்பி, பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவான்.

சட்டம் மட்டும் ஒன்று கண்டிப்பாக இருந்தது. மனுஷன் நெஞ்சில் இருப்பது எந்த டிஸ்க்கிலும் ஏறக்கூடாது. எங்கோ ஒரு பட்டணத்தில் ஏறி, அங்கே பல குடும்பம் சந்தி சிரித்த பிறகு வந்த சட்டம்.

திருப்பூரில் பாதிப் பேர் அந்தக் கடைக்குப் போனார்கள். போனேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. சாந்தாமணியும் சொல்லவில்லை.

சாந்தாமணிக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் மேற்பார்வை வேலை. டீ சர்ட்டை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டினாள் என்றால், டெய்லர் அறுக்காமல் விட்ட நூல் பிசிறு எங்கே இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஜெர்மனிக்காரன் கண்ணுக்குத் தப்பியது அவள் விரலுக்குத் தப்பாது. இப்படிப் பழகிய விரல் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான் என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறான்.

அவள் புருஷன் பொங்கியண்ணன் காஜா பட்டன் யூனிட் வைத்திருந்தார். சட்டைக்குப் பொத்தான் ஓட்டை போடுவார், பொத்தான் தைப்பார், சாப்பிடுவார், வீட்டுக்கு வருவார். சந்தேகப்பட எதுவுமே இல்லாத மனுஷர். அதுதான் கல்யாணமான நாள்முதல் சாந்தாமணிக்கு உறுத்தல்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை வள்ளி கும்மி. மாகாளியம்மன் கோயில் மைதானத்தில் வாத்தியார் ஒருவர் வந்து ஊர்க்காரர்களுக்குக் கும்மி பழக்கினார். பொங்கியண்ணன் ஆடினார், பரவாயில்லை. பிறகு பாடினார். குரல் பெரிது. எவ்வளவு பெரிது என்றால், சுருதி அதற்குள் புகுந்து வழி தெரியாமல் தொலைந்துபோனது. அரங்கேற்றத்தில் முன்னால் நின்று பாடுகிற இடம் அவருக்கு என்று வாத்தியார் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பழகும்போது பின்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவதைச் சாந்தாமணி பார்த்தாள். அரங்கேற்றத்தன்று சுற்றுவட்டாரமே குலுங்கும். அதை அவளால் தாங்க முடியாது.

மறுநாள் வாத்தியாரைத் தனியாகப் பிடித்தாள். "எங்கூட்டுக்காரருக்குத் தொண்டையில கோளாறுங்க. டாக்டரு பாடவே கூடாதுன்னுட்டாரு. அவியகிட்டச் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்களா மாத்துன மாதிரி மாத்தீருங்க. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க."

இதற்காகவே காத்திருந்த வாத்தியார், அந்த இடத்தை அன்றைக்கே ரத்தினவேலுக்குக் கொடுத்தார். ரத்தினவேலு சாந்தாமணியின் கூடப்பிறந்த தம்பி. வினை அங்கேதான் வந்தது. மச்சினன் உள்ளடி வேலை செய்து தன் இடத்தைப் பறித்தான் என்று பொங்கியண்ணன் முடிவுகட்டிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. பொங்கலுக்கு இல்லை, காதுகுத்துக்கு இல்லை, ரோட்டில் எதிரில் வந்தால் வண்டியை வளைத்து ஓட்டுவது. சாந்தாமணியே சொல்லி ரத்தினவேலுக்கு உண்மை தெரியும். அக்காவுக்காக வாயைத் திறக்கவில்லை. தினமும் ஒருதரம் சொல்லிவிடலாம் என்று சாந்தாமணி புருஷன் பக்கம் திரும்புவாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். "ரசம் ஊத்தட்டுமா" என்று கேட்பாள். சொன்னால் இந்த மனுஷர் தன்னோடும் பேசாமல் போய்விடுவார் என்கிற பயம். தூக்கம் எப்படி வரும்?

அது கிடக்கட்டும். ஒரு புதன்கிழமை காலையில் பொங்கியண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். வந்தவர் ஈரக்கையை இடுப்புக்குக் கொண்டுபோய், அங்கே இல்லாத ஒரு முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

சாந்தாமணி தோசையைத் திருப்பாமல் நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன புதுசா?"

"எது அம்மிணி?"

"துண்டு கொடியில தொங்குது. இடுப்புல என்னத்தைத் தேடறீங்க?"

பொங்கியண்ணன் தம் கையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். "தெரியல," என்றார். பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பதில் வைத்திருப்பான் என்பதைச் சாந்தாமணி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சிலிண்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனுஷர், சமையல் முடிந்ததும் போய் வால்வைத் திருகி மூடினார். கல்யாணம் ஆனதிலிருந்து தொண்டை வறளச் சொல்லியும் கற்றுக்கொள்ளாததை எவளோ கற்றுக்கொடுத்திருக்கிறாள். கடையில் டீ சர்ட் வாங்கப் போனால், அதை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலில் கட்டைவிரலை ஓட்டினார். ஆக, பனியன் கம்பெனிக்காரி. அதுவும் செக்கிங்கில் இருக்கிறவள். தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைவில் நிறுத்திப் பார்த்தாள். எல்லோருமே கொஞ்சம் அதிகமாகத்தான் பவுடர் பூசுகிறார்கள்.

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தாள். அதன் பூட்டு அவளுடைய பிறந்த தேதி. சந்தேகம் இரட்டிப்பானது. குற்றம் பண்ணாத மனுஷன் எதற்காகப் பெண்டாட்டி பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொள்கிறான்?

தம்பிக்குப் போன் போட்டாள். "ரத்தினம், உங்க மாமன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கடா."

"அவரு என்னையக் கண்டாலே வண்டியைத் திருப்பறாரு. நான் எங்கிருந்துக்கா கண்ணு வெக்கிறது? முதுகு மேலயா?"

"விளையாடாதடா. வேற எவளோ இருக்கறா."

மறுமுனையில் சிரிப்பு நிற்கவில்லை. "மாமனுக்கா? அக்கா, அந்தப் பாட்டைக் கேட்டுப்போட்டு எவ நிப்பா?" பிறகு சிரிப்பு நின்றது. "நீ பேசாம அந்த விசயத்தை அவருகிட்டச் சொல்லீரு. நானும் எத்தனை நாளைக்குத் திருடன் மாதிரி சுத்தறது?"

"வெக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

முடிவான ஆதாரம் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. "நீ உக்காரு அம்மிணி, இன்னைக்கு நான் ஆக்கறேன்," என்று பொங்கியண்ணன் உள்ளே போனார். வெந்நீர் வைக்கவே துணைக்கு ஆள் கூப்பிடுகிறவர். கடுகு டப்பா எது, மல்லி டப்பா எது என்று கேட்கவில்லை. கை தானாகப் போனது. சின்ன வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. தட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த அரிசிம்பருப்பு வந்தது. மேலே நெய்.

சாந்தாமணி ஒரு வாய் வைத்தாள். அச்சு அசல். பூண்டை நசுக்காமல் முழுசாகப் போட்டு, சீரகத்தை மட்டும் கையில் தேய்த்துப் போடுகிற பக்குவம். அவள் பிறந்த ஊரில், அவள் வீட்டிலும் பங்காளி வீட்டிலும் தவிர வேறு எங்கும் கிடையாது. எங்கூர்க்காரி! அதுவும் எங்க பங்காளி வூட்டுப் பொண்ணு!

"எவ அவ?" என்றாள்.

"எவ?"

"இந்த அரிசிம்பருப்பு செஞ்சு குடுக்கறவ. ருசியா இருக்குது. அதனாலதான் கேக்கறேன்."

பொங்கியண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு நாள் தூக்கக் கடைக்குப் போனேன் அம்மிணி. சொல்லாம போனது தப்புத்தான். அந்தப் பாட்டு விசயத்துக்கப்புறம் கண்ணை மூடுனா மைதானந்தான் வருது. போயிட்டு வந்ததுலருந்து கை என்னமோ அது பாட்டுக்கு வேலை செய்யுது. எனக்குத் தெரியாத வேலையெல்லாம் செய்யுது."

"தூக்கக் கடையா? அப்பிடி ஒருத்திக்குப் பேரா?"

"கடைதான் அம்மிணி! நீயே வந்து கேளு."

"வரத்தான் போறேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு இலேசாகத் திக்கென்றது. அவளும் அங்கே போனவள்தான். ஆனால் அந்தக் கடைக்கு எல்லோருமே துண்டோ துப்பட்டாவோ போட்டு முகத்தை மூடிக்கொண்டுதான் போவார்கள். மூடிக்கொண்டு போனவளை எவன் அடையாளம் கண்டுவிடுவான் என்று தைரியப்படுத்திக்கொண்டாள். புருஷனை மடக்குகிற நேரத்தில் சொந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

மறுநாள் போனார்கள். முகத்தை மூடாமல் இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும் மணிபாரதி அரசாங்க ஆட்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான்.

"லைசென்ஸ் உள்ள மாட்டியிருக்குதுங்க்கா. டிஸ்க்கே வாங்கலைங்க. வேணும்னா தேடிப் பாத்துக்குங்க."

"நாங்க ஆபீஸர் இல்ல. இவரு உன்ர கடைக்கு வந்துபோட்டுப் பொம்பளையாட்டம் இடுப்புல கை தொடைக்கறாரு. அதுக்குப் பதில் சொல்லு."

மணிபாரதி உட்கார்ந்தான். விசாரித்தான். முந்தானை, சிலிண்டர், அரிசிம்பருப்பு. கடைசியில், யாரும் கேட்காமலேயே கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணா, இதை வெளிய சொல்லீராதீங்க. சித்தெ பொறுமையாக் கேளுங்க. ஒரு புரோகிராமுகிட்ட ஃபைலைத் தொறன்னு சொன்னா அது டிஸ்க்குல தொறக்கும். தொறந்துட்டு, புடிச்சுக்கன்னு நம்ம கையில ஒரு கைப்புடி குடுக்கும். அதைப் புடிச்சுட்டு எழுதுன்னா எழுதும், படின்னா படிக்கும், மூடுன்னா மூடும். ஆனா சட்டம் டிஸ்க்குல வெக்காதேங்குது. அதனால நான் என்ன பண்ணுனேன், ஃபைல் பேரைச் சொல்ற எடத்துல மெமரியில ஒரு காலி எடத்தைக் காட்டி, 'இதுதான் ஃபைலு'ன்னேன். அதுவும் நம்பிடுச்சு. அதே கைப்புடிதான் குடுத்துச்சு. டிஸ்க்குல எழுதறதா நெனச்சுட்டு மெமரியில எழுதிட்டே இருக்குது."

"அப்ப மிஷினையே ஏமாத்தறே," என்றாள் சாந்தாமணி.

"சட்டப்படி ஏமாத்தறனுங்க்கா."

"இதுல என்ன சௌரியம்?"

"மூடுனா அழிஞ்சிரும். சுவடே இருக்காது. கரண்டு போனாலும் அப்பிடித்தான். அதனாலதான் கரண்ட் கட்டு அன்னைக்குக் கடையவே தொறக்கறதில்ல. ஜெனரேட்டரைக்கூட நம்பறதில்லீங்க. நெனப்பு வெளிய இருக்கறப்ப மிஷின் நின்னுச்சுன்னா, அந்த மனுசனுக்கு அவரு பேரையே நாமதான் சொல்லி அனுப்போணும்."

"நின்னிருக்குதா?" என்று பொங்கியண்ணன் கவலையோடு கேட்டார்.

"நின்னதில்லீங்ணா. வேற ஒண்ணு நடந்துச்சு. எழுதி முடிச்சா, எதுவரைக்கும் எழுதுனோம்னு காட்டற முள்ளு கடைசியில போய் நிக்கும். திரும்ப ஆரம்பத்துக்கு ஓட்டீட்டுத்தான் படிக்கோணும். கடை தொறந்த புதுசுல ஒருத்தருக்கு ஓட்ட மறந்துட்டேன். கடைசியிலருந்து படிச்சா என்ன இருக்கும்? ஒண்ணுமில்ல. அவரு எந்திரிச்சுப் பச்சைப் புள்ளையாட்டம் சிரிக்கறாரு. எனக்கு உசுரே போயிருச்சு. அப்பறம் ஓட்டி ஊத்துனேன். ஊத்துனதும் அவரு சொன்னாரு, முன்னமேதான் நல்லா இருந்துச்சு தம்பின்னு."

சாந்தாமணி சிரிக்கவில்லை. "அது அவரு கதை. எங்கூட்டுக்காரரு கதைக்கு வா."

மணிபாரதி தண்ணீர் குடித்தான். "எங்கம்மா ஓவர்லாக் டெய்லருங்க்கா. ஒரு பீஸை முடிச்சா நூலை அறுக்காமலே அடுத்த பீஸைச் சொருகுவாங்க. மாலையாட்டம் வந்துட்டே இருக்கும். நேரம் மிச்சம். அதைப் பாத்தே வளந்தவன் நான். இங்கயும் ஒவ்வொருத்தருக்கும் புதுசாக் கைப்புடி தொறந்தா கவசம் முதல்லருந்து சூடேறோணும். வெளிய கூட்டம் நிக்குது. அதனால தொறந்ததை மூடாம, ஆரம்பத்துக்கு ஓட்டி, பழசு மேலயே அடுத்தவங்களோடதை எழுதிட்டேன்."

"நூலை அறுக்காம," என்றாள் சாந்தாமணி. அவள் கட்டைவிரல் தானாக அசைந்தது.

"ஆமாங்க்கா. அண்ணா, நீங்க டேப் ரிக்கார்டு காலத்து ஆளு. நீளமான பாட்டு இருக்கற கேசட்டுல, அதுமேலயே ஒரு சின்னப் பாட்டைப் பதிஞ்சா என்னாகும்?"

பாட்டு என்றதும் பொங்கியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்னப் பாட்டு முடிஞ்சதும், பழைய பாட்டோட வாலு பாடும்."

"அதேதானுங்ணா! உங்குளுக்கு முன்னாடி வந்தவங்களுது நீளமான நெனப்பு. உங்களுது..." என்று இழுத்தான்.

"சின்னதா?"

"கச்சிதமானதுங்ணா. அதை எழுதுனதுக்கப்பறமும் அவங்க வாலு மிஞ்சிருச்சு. திரும்ப ஊத்தறப்ப மிஷின் யாரு எவருன்னு பாக்காம கடைசி வரைக்கும் ஊத்திருச்சு. உங்க நெனப்பு முழுசா உங்ககிட்ட இருக்குது. கூடவே அவங்க பிசிறு."

சாந்தாமணிக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. ஆக, ஒருத்தி இருக்கத்தான் இருக்கிறாள். நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "முன்னாடி வந்தவ யாரு?"

"தெரியாதுங்க்கா. மூஞ்சியை மூடிட்டுத்தான் வருவாங்க. குண்டானை மாட்டறப்ப எனக்கு உச்சந்தலை மட்டுந்தான் தெரியும்."

"எந்த நாளு? அதாச்சும் தெரியுமா?"

"அண்ணன் வந்தது செவ்வாக்கெழமை, மத்தியானச் சோத்து நேரத்துக்குச் சித்தெ முன்னாடி. அவங்க பின்வாசல்ல போறாங்க, அண்ணன் முன்வாசல்ல வர்றாரு."

சாந்தாமணி அந்தச் செவ்வாய்க்கிழமை பல்வலி என்று கம்பெனியில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மத்தியானச் சோற்று நேரத்துக்குச் சற்று முன்னால், பின்வாசல் வழியாக இறங்கி, வெயிலுக்குக் கண்ணைக் கூசிக்கொண்டு நடந்திருந்தாள்.

முந்தானையில் கை துடைக்கிறவள். சிலிண்டரை மூடுகிறவள். பக்கத் தையலில் விரல் ஓட்டுகிறவள். பூண்டை முழுசாகப் போடுகிற பங்காளி வீட்டுப் பெண். இத்தனை நாள் தேடிய சக்களத்தி கையில் அகப்பட்டுவிட்டாள். சாந்தாமணி தன் கையைப் பார்த்தாள். அது அப்போதுதான் இடுப்பிலிருந்து முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நொடியில்தான் நிஜமான பயம் வந்தது. வால் என்றால் கடைசிப் பகுதி. கவசத்துக்கடியில் உட்கார்ந்து கடைசியாக அவள் எதை நினைத்தாள்? வேறு எதை நினைப்பாள்? மைதானம், முந்தானையைக் கடித்துக் குலுங்கும் பெண்கள், வாத்தியார், "நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க". தம்பியின் முகம். எல்லாம் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற மண்டைக்குள்ளே இருக்கிறது.

மடியிலிருந்த வீட்டுச் சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது மணிபாரதி அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இரட்டைச் சுழி. அவன் வாயைத் திறந்தான். சாந்தாமணி அவனைப் பார்த்தாள். செக்கிங் பிரிவு முழுவதையும் சத்தமில்லாமல் உட்காரவைக்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டு மறுபடி தண்ணீர் குடித்தான்.

"அறுத்து உடு தம்பி," என்றாள். "அந்தப் பிசிறை இப்பவே அறுத்து உடு."

"அறுக்கலாமுங்க்கா. ஆனா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியோணுமில்ல? அண்ணன் நெனப்பை வெளிய எடுத்து, ஸ்கிரீன்ல ஓட்டிப் பாத்துத்தான் அறுக்கோணும். நாம மூணு பேரும் பாத்துருவோம்..." என்று அவன் அவளுக்காகவே மெதுவாகச் சொன்னான்.

அறுத்தால் திரையில் ஓடும். அறுக்காவிட்டால் அவர் மண்டையில் ஓடும். சாந்தாமணிக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை.

"வேண்டாம் தம்பி," என்றார் பொங்கியண்ணன். "இருந்துட்டுப் போவுது."

"அடுத்தவங்க நெனப்புங்ணா. தொந்தரவா இருக்காதுங்களா?"

"என்ன தொந்தரவு? அரிசிம்பருப்பு வருது." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தம்மாவுக்கு மனசுல என்னமோ சங்கடம். ரொம்ப நாளாத் தூங்கல போல. பாவம்."

சாந்தாமணி அவர் முகத்தைத் துருவினாள். உள்பக்கம் திருப்பிப் பார்க்க முடியாத ஒரே துணி மனுஷன் முகம். கல்யாணமான நாள்முதல் எதுவுமே இல்லாமல் இருந்த முகம், இப்போதும் எதுவுமே இல்லாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்டு பேசுகிறாரா, தெரியாமல் பேசுகிறாரா? யாரென்று தெரிந்துவிட்டதா, சங்கடம் என்னவென்றும் தெரிந்துவிட்டதா? கேட்டால் மாட்டிக்கொள்வாள். கேட்காவிட்டால் வெந்துபோவாள். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவளுக்கு, தன்னை ஒருவர் சந்தேகப்படுகிறாரா என்று சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது மணிபாரதி வாசல்வரை வந்தான். "இனிமே ஆளுக்கொரு புதுக் கைப்புடிதானுங்க்கா. சத்தியமா. நூலை அறுத்துட்டுத்தான் அடுத்த பீஸு."

"மொதல்ல அதைச் செய்யி," என்றாள். திட்டுகிற தெம்பு இல்லை.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முக்கில் பொங்கியண்ணன் திரும்பவில்லை. நேரே போனார். அங்கேரிபாளையம் பக்கம் வளைந்தார். அந்த வீதி யாருடையது என்று சாந்தாமணிக்குத் தெரியாதா?

"ஏனுங்க, இங்கெதுக்கு?"

ரத்தினவேலு வீட்டு வாசலில் வண்டி நின்றது. தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ரத்தினவேலு, மாமனைப் பார்த்ததும் ஹோஸ் பைப்பைக் கீழே போடவும் தெரியாமல், பிடித்துக்கொள்ளவும் தெரியாமல் தன் காலுக்கே தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்ள, வூட்டுல காப்பித்தூள் இருக்குதா?" என்றார் பொங்கியண்ணன்.

"இ... இருக்குதுங்க மாமா." ரத்தினவேலு அக்காவைப் பார்த்தான். சொல்லிவிட்டாயா என்று கண் கேட்டது. அக்கா தென்னை மரத்தைப் பார்த்தாள். இல்லை, நான் சொல்லவில்லை, யார் சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியாது என்பதை ஒரு தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

காப்பி வந்தது. மழை வருமா என்று பேசினார்கள். நூல் விலை ஏறிவிட்டதைப் பேசினார்கள். இருவருக்கும் பேச நிறைய இருந்ததால் வேறு எதையும் பேசவில்லை. ரத்தினவேலுதான் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தான்.

"மாமா, அந்தப் பாட்டு விசயம்..."

"வுடு மாப்ள. நீ நல்லாத்தான் பாடறே." டம்ளரைக் கீழே வைத்தார். "காப்பிதான் தண்ணியா இருக்குது. உங்கக்கா கிட்டக் கேட்டுப் பழகு."

ரத்தினவேலு சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டான். சாந்தாமணி உள்ளே போய்த் தம்பி வீட்டுச் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

திரும்பும்போது புஷ்பா தியேட்டர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பொங்கியண்ணன் காலை ஊன்றினார். முன்னால் ஒரு லாரி முழுக்கத் துணிக் கட்டு. அதைப் பார்த்தபடியே, திரும்பாமல் கேட்டார்:

"அம்மிணி. நெசமாலுமே அவ்வளவு மோசமா?"

"எதுங்க?"

"பாட்டு."

பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சாந்தாமணி அவர் முதுகைப் பார்த்தாள். சட்டைக் காலருக்குக் கீழே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொல்லாமல் விட்டது அந்தப் பாட்டு விஷயம்தான். நூலை விரலில் சுற்றிப் பிடித்தாள்.

"ரெண்டாவது அடியில சுருதி வெலகுதுங்க," என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க. என்னால பாத்துட்டு நிக்க முடியல."

அவர் ஹாண்டில்பாரில் விரலால் அடியை எண்ணினார்.

"ரெண்டாவதுலயா? நான் மூணாவதுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவள் ஸ்கூட்டரிலேயே, புருஷன் முதுகில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

இதுவும் சத்தியம்: இருவரும் தூக்கக் கடைக்குப் போனதாகச் சொல்லப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக அவிநாசி ரோட்டுப் பகுதி முழுக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் கிடையாது.